வன்னியில் வயது போகையில்: அப்பு, ஆச்சிமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊர் வாசிகசாலையில் முதியோர் சங்கம் கூடும். நான் பிரசர் மெசினோடு ஒரு மூலையில் இருப்பேன். முப்பது வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் இவர்களுடைய பிள்ளைகளுக்கு நிறை பார்த்தேன், இப்போது இவர்களுக்கே கையில் பட்டி கட்டுகிறேன். பட்டியைக் கழற்றும்போதுதான் கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் கிளினிக் டொக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து வேறு ஏதும் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

"வயசு போனால் வருத்தம் வரத்தானே செய்யும் பிள்ளை. அதுக்குப் போய் டொக்டரோ?"

வயது வேறு, வருத்தம் வேறு. தலை நரைப்பது, தோல் சுருங்குவது, பேப்பர் வாசிக்கக் கண்ணாடி தேடுவது, நடை கொஞ்சம் தளர்வது, விடிய மூன்று மணிக்கே முழிப்பு வருவது, இதெல்லாம் வயது. கால் வீங்குவது, நாலடி நடக்க மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் மெலிவது, அடிக்கடி விழுவது, சலம் அடக்க ஏலாமல் போவது, பழகிய வழி மறப்பது, இவை வருத்தம். இவற்றில் பலதுக்கு மருந்து இருக்கிறது.

"வயசுதானே" என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஐயா ஒன்றரை வருடம் மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் கிடந்தார். கடைசியில் பார்த்தால் இரத்தம் குறைவு. மருந்து போட்டு நாலு மாதத்தில் பழையபடி சைக்கிள் உருட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கேட்பதில்லை.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை. பிறகேன் பிரசர் பாக்கிறது?"

பிரசருக்கும் சீனி வருத்தத்துக்கும் நோவு கிடையாது. அவை சத்தமில்லாமல் கண்ணையும் கிட்னியையும் இதயத்தையும் கெடுத்துவிட்டுத்தான் தங்களைக் காட்டும். பிரசர் 140க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ அடிக்கடி நின்றால் டொக்டரிடம் போக வேண்டும். வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் அது சீனி வருத்தம். 35 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் இதை இலவசமாகப் பார்க்கிறார்கள்.

பிரசர் பார்க்க வரும்போது ஒரு விஷயம். சைக்கிளில் வந்து இறங்கின கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் வெற்றிலையும் வேண்டாம்.

"கிளினிக்கில ஒரு பை நிறையக் குளிசை தந்திருக்கினம். இப்ப நல்லாத்தானே இருக்கிறன், விடலாமோ?"

விடக்கூடாது. குளிசை வேலை செய்வதால்தான் நீங்கள் நல்லாக இருக்கிறீர்கள். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரு நாள் பாரிசவாதம் அடித்த பிறகுதான் தெரியும்.

எனக்கு அதைவிடப் பயம் குளிசைகள் கலந்துபோவதுதான். போன வருடம் ஒரு ஆச்சி பழைய மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நூறு குளிசைக்கு மேல் இருக்கும். அரசாங்க கிளினிக்கில் தந்தது, தனியார் டொக்டர் எழுதியது, செத்துப்போன ஐயாவுக்குக் கொடுத்ததில் மிஞ்சினது எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. அதில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது. ஆச்சி இரண்டையும் போட்டுவந்ததால்தான் காலையில் தலை சுற்றி விழுந்திருக்கிறார். அதனால் சொல்கிறேன்: குளிசையை அது வந்த பேப்பர் உறையிலேயே வையுங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த மருந்து எடுத்தால் அதையும் சொல்லுங்கள், ஒருவரும் ஏசமாட்டார்கள். எழுத்து வாசிக்க ஏலாதவர்கள் பேரப்பிள்ளையைக் கொண்டு உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலவும் கீறுவியுங்கள்.

"சீனி வருத்தமெண்டால் சோறு விடவேணுமோ? குரக்கன் புட்டெண்டால் எவ்வளவும் சாப்பிடலாம்தானே?"

சோற்றை விடத் தேவையில்லை. குரக்கனை எவ்வளவும் சாப்பிடவும் ஏலாது, அதிலும் மாச்சத்துத்தான் இருக்கிறது. நார் கூட என்பதால் சீனி கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால் பங்குக்குச் சோறோ புட்டோ, மிச்சத்துக்கு மீன், முட்டை, பருப்பு, பயறு. எங்கள் கோப்பைகளில் முக்கால் பங்கு சோறாய் இருப்பதுதான் பிரச்சினை. தேத்தண்ணிக்குப் போடும் சீனியையும் எண்ணுங்கள். ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் எட்டுக் கரண்டி.

வயது போனவர்கள் பல பேர் மீனை "பிள்ளையள் சாப்பிடட்டும்" என்று ஒதுக்கிவிட்டு வெறும் சொதியோடு எழும்புகிறார்கள். இது பிழை. வயது போகப் போகத் தசை கரையும், அதைப் பிடித்துவைக்கப் புரதம் வேண்டும். குளத்து விராலும் திலாப்பியாவும் எங்கள் பக்கம் மலிவு. வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் காசில்லாமல் கிடைக்கின்றன. உப்பு மட்டும் கவனம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அந்தக் கணக்கை ஒரே நேரச் சாப்பாட்டில் முடித்துவிடும்.

"எங்கடை கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி. அதாலதான் கிட்னி வருத்தம் வருதோ?"

அநுராதபுரம் பக்கம் 1990களில் இருந்து கமக்காரர் நடுவே காரணம் தெரியாத ஒரு கிட்னி வருத்தம் பரவி, வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது. தண்ணியின் கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமிநாசினிகள், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வது என்று பலதைச் சந்தேகிக்கிறார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றை இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை. சீனி வருத்தமும் பிரசரும் கிட்னியைக் கெடுக்கும் என்பது மட்டும் உறுதி.

தண்ணியைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. ஊரில் ஆர்.ஓ. வடிகட்டி நிலையமோ மழைநீர்த் தொட்டியோ இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணியை எடுங்கள், குளிக்கத் துவைக்கக் கிணறு போதும். பங்குனி சித்திரை வெயிலில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வயது போனால் தாகம் பிந்தித்தான் தெரியும். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணி காணாது என்று அர்த்தம். ஆனால் கிட்னியோ இதயமோ ஏற்கெனவே பலவீனம் என்று டொக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். வருடத்தில் ஒரு தடவை கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை இரத்தத்திலும், சலத்தையும் சோதியுங்கள்.

"முழங்கால் நோவுக்குக் கடையில ஒரு குளிசை தாறாங்கள். போட்ட உடனை நிக்குது. அதிலென்ன பிழை?"

அது பெரும்பாலும் டைக்குளோபெனாக் வகைக் குளிசை. நோவை நிறுத்துவது உண்மை. நாளாந்தம் போட்டால் வயிற்றில் புண் வரும், பிரசர் ஏறும், கிட்னி கெடும். கிட்னிக்குப் பயந்து காசு கொடுத்து நல்ல தண்ணி வாங்கும் அதே ஆட்கள் இந்தக் குளிசையைச் சட்டைப் பையில் கொண்டு திரிவதைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருக்கிறது. அவசரத்துக்குப் பரசிற்றமோல், அதுவும் சொன்ன அளவில்.

முழங்காலுக்கு நிரந்தர மருந்து தொடைத் தசை. கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் பின்னேரமும். ஒரு மாதம் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்பதில் பிழையில்லை.

"நாப்பது வருசம் வயலுக்கை நிண்டவனுக்கு இனியென்ன தேகப்பயிற்சி?"

நாற்பது வருடம் உழைத்ததை உடம்பு சேர்த்துவைக்காது. நிறுத்தினால் சில வாரத்திலேயே தசை இளகத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்கு 150 நிமிட நடை. ஐந்து நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணித்தியாலம். 65 தாண்டியவர்களுக்குக் கிழமையில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

கோயிலுக்கு நடந்துபோய் வாருங்கள், குளக்கட்டில் நடவுங்கள். ஏ9 றோட்டின் ஓரம் மட்டும் வேண்டாம், அங்கே பஸ்கள் ஓடும் ஓட்டம் தெரியும்தானே. சமநிலைக்கு விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். கைகளை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருங்கள். பூமரத்துக்குத் தண்ணி ஊற்றுவதும் முற்றம் கூட்டுவதும் கணக்கில் சேரும்.

"நடந்தால் விழுந்திடுவன் எண்டு பயம். இருந்த இடத்திலேயே இருந்தால் பத்திரம்தானே?"

இருந்த இடத்தில் இருந்தால் கால் இன்னும் பலவீனமாகி, எழும்பும் அந்த ஒரு தடவையில் விழுவீர்கள். முதலில் வீட்டைத் திருத்துங்கள். என் அம்மா 78 வயதில் விழுந்தது எங்கள் வீட்டுக் கிணற்றடியில். பாசி பிடித்த ஒரு சீமெந்துத் துண்டு, இரண்டு சாண் அகலம் இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவ அரை மணித்தியாலம் காணும். நாளைக்குச் செய்வோம் என்று நான்தான் ஒரு கிழமையாக விட்டிருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அம்மா தானாக நடக்கவில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கிணற்றடியைத்தான் பார்க்கிறேன்.

கழிப்பறைச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி, குந்த ஏலாதவர்களுக்குக் கொமட் கதிரை, தலைமாட்டில் ரோர்ச் லைற். சாரமும் சேலையும் நிலத்தில் இழுபடக்கூடாது. படுக்கையில் இருந்து ஒரேயடியாக எழும்பாமல், இருந்து, ஒரு நிமிடம் பொறுத்து எழும்புங்கள். பிரசர்க் குளிசை போடுபவர்களுக்கு இது கட்டாயம். குளிசை கலந்து தலை சுற்றும் கதை முன்னமே சொன்னேன்.

"கண், காது, பல்லு. இதுகளுக்கும் பாக்கவேணுமோ?"

வேணும். கண்ணில் வெண்புரை என்றால் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்யலாம், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். சீனி வருத்தக்காரர் வருடம் ஒரு தடவை கண்ணின் உட்பக்கத்தைக் காட்ட வேண்டும், காலடியைத் தாங்களே தினமும் பார்க்க வேண்டும். காது கேட்காதவர் மெல்ல மெல்லக் கதையில் இருந்து ஒதுங்கிவிடுவார், வீட்டார் அதை "அப்புவுக்குக் கோபம்" என்று நினைப்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் வாய்க்குள் வெள்ளைத் தழும்போ இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ இருந்தால் பல் டொக்டரிடம் உடனே போங்கள். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் மாற்றலாம்.

"காய்ச்சல் எண்டால் மலேரியாதானே? வன்னியில வேறென்ன?"

எங்கள் தலைமுறைக்கு அந்தப் பயம் எலும்பில் ஊறியது. ஆனால் இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்துவிட்டது. இப்போது காய்ச்சல் என்றால் டெங்கையும் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். எலியின், மாட்டின் சலம் கலந்த வயல் தண்ணி, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. வயலில் இறங்குபவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிழமைக்கு ஒரு தடவை போடும் தடுப்புக் குளிசை தருவார்.

வயதானவர்களுக்குக் கடும் தொற்றிலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். நேற்றுவரை தெளிவாய்க் கதைத்தவர் இன்று பிதற்றினால், அரை நாளும் பொறுக்காமல் கொண்டுபோங்கள்.

"உடம்புக்கை ஷெல் துண்டு இருக்கு. வயசு போகப் போக அது ஏதும் செய்யுமோ?"

எங்கள் சங்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டம் இல்லை. பெரும்பாலான துண்டுகளைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டி அப்படியே வைத்திருக்கும். எடுக்க வெட்டுவது சில வேளை கூடுதல் ஆபத்து, அதனால்தான் டொக்டர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த இடம் புதிதாக வீங்கினால், சிதழ் வடிந்தால், கை கால் விறைத்தால் காட்ட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அசையலாம், சுடலாம். கண், மூளை, முள்ளந்தண்டுப் பக்கம் என்றால் பெரிய ஆபத்து. எழுதும் டொக்டரிடமும் ஸ்கான் அறையிலும் நீங்களாகவே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். எக்ஸ்ரேக்கு அந்தப் பயமில்லை. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் போட்டவர்களுக்கும் ஒன்று: வயதோடு மிச்சக்கால் மெலியும், பழைய கால் தளர்ந்து உராயும். புண் வரமுதல் அளவு மாற்றுங்கள்.

"சாமான் வைச்ச இடம் மறக்குது. இது அந்த மறதி வருத்தமோ?"

திறப்பை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் வரும். திறப்பு எதற்கு என்றே தெரியாமல் நின்றால், வந்த வழி தெரியாமல் தடுமாறினால், ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் நாலு தடவை கேட்டால் காட்ட வேண்டும். தைரொயிட், பி12 குறைவு, காது கேளாமை, மனச்சோர்வு, கலந்து போட்ட குளிசை ஆகியவையும் மறதி போலவே வரும், அவற்றை மாற்றலாம்.

"பிள்ளையள் கனடாவிலை. வீட்டிலை நானும் நாயும்தான். ஆரோடை கதைக்கிறது?"

இதைக் கேட்ட அம்மாவின் பிரசர் அன்று நல்லாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்குக் கூடக் கவலை அவரைப் பற்றித்தான். காசு மாதாமாதம் வருகிறது, வீட்டுக்கு மாபிளும் போட்டாயிற்று. சமைத்ததைச் சாப்பிட ஆள் இல்லாததால் சமைப்பதையே விட்டு பிஸ்கற்றும் தேத்தண்ணியுமாக இருந்தார். தனிமை முதலில் அடுப்படியில்தான் தெரியும்.

ஒன்றுவிட்ட ஒருநாள் பக்கத்து வீட்டு ஆச்சியோடு சேர்ந்து ஒரே உலையில் சமையுங்கள் என்று சொன்னேன். வெட்கப்பட்டார், பிறகு தொடங்கினார். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருவிழாவுக்கும் தனியே போகாமல் நாலு பேராய்ச் சேர்ந்து போங்கள். வாசிகசாலையில் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்க ஒரு ஐயா இருக்கிறார், கேட்க ஆள் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: மாதம் ஒரு தடவை ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட, தினமும் "என்ன சமைச்சனீங்கள் அம்மா" என்று இரண்டு நிமிடம் கேளுங்கள்.

"காணாமல் போன மகனை நினைச்சால் நித்திரை இல்லை. இதுக்கும் மருந்து இருக்கோ?"

அம்மா, மறக்க ஒரு மருந்தும் இல்லை, மறக்கச் சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை. 2017 இல் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் றோட்டோரம் இருந்து கேட்பது பதில்தான். பதில் தெரியாத துக்கம் முடிவதில்லை.

ஆனால் நித்திரையின்மை, சாப்பிட மனமின்மை, நெஞ்சு படபடப்பு, செத்தால் என்ன என்ற நினைப்பு, இவற்றுக்கு உதவி இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போவது பைத்தியம் என்று அர்த்தமில்லை. இரவில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுங்கள். மகனின் படத்துக்கு முன் இருந்து அழுதுவிட்டு வாருங்கள், வந்து எங்களோடு இருங்கள்.

"முதியோர் காசு எப்படி எடுக்கிறது? பிள்ளை பாக்காட்டில் என்ன செய்யிறது?"

70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 5000 ரூபாய் ஆக்கப்பட்டது. கிராம அலுவலரிடம் தொடங்குங்கள், பிரதேச செயலகத்தில் முடியும். 60 வயதானால் முதியோர் அடையாள அட்டையும் அங்கேதான்.

மற்றக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைத் தானே பராமரிக்க ஏலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். வசதியுள்ள பிள்ளை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று சபை கட்டளையிடலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் தனியாகக் கதையுங்கள். காணியை எழுதிக்கொடுக்க முதல், நீங்கள் சாகும்வரை அங்கே இருக்கும் உரிமையையும் உறுதியில் எழுதச் சொல்லுங்கள்.

"இரவிலை நெஞ்சு நொந்தால் ஆரைக் கூப்பிடுறது?"

1990. இலவச அம்புலன்ஸ். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாவிட்டால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எண்ணெய் தேய்த்து விடியும்வரை பார்ப்பவர்கள் அந்த நேரத்தை இழக்கிறார்கள். இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

"எனக்கு எண்பத்திரண்டு. இனித் தொடங்கி என்ன பிரயோசனம் பிள்ளை?"

இப்படிக் கேட்ட ஆச்சிக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: அடுப்படித் தூணைப் பிடித்துக்கொண்டு காலை ஐந்து, மாலை ஐந்து தடவை வாங்கில் இருந்து எழும்புங்கள். முதல் கிழமை மூன்றோடு களைத்துப்போனார். மருமகள் பக்கத்தில் நின்று எண்ணினாள். அது இருவருக்கும் கதைக்க ஒரு சாட்டாகியது. மூன்றாம் மாதம் கூட்டத்துக்கு ஓட்டோவில் வராமல், மருமகளின் கையைப் பிடித்து ஒழுங்கையால் நடந்து வந்தார். வழியில் மூன்று படலையில் நின்று கதைத்ததால் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தார். பிரசர் பார்க்கமுதல் ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னேன். அதற்குள் முன்வரிசையில் இருந்தவரோடு கதை தொடங்கிவிட்டது.